ஆரையம்பதி வீட்டுக்கு ஃபெங்சுயி: சுவர் இடிக்காமல் செய்து பார்த்த வேலை

வீட்டையும் அதிலுள்ள பொருட்களையும் எந்தத் திசையில், எப்படி வைப்பது என்று சொல்லும் சீன முறை ஃபெங்சுயி. அதைப் பற்றி எங்கே தேடினாலும் முதலில் வருவது ஒரே படம்தான். வீட்டுக்குப் பின்னால் மலை, முன்னால் வளைந்து ஓடும் தண்ணீர், இரண்டு பக்கமும் சிறு குன்றுகள். பின்மலைக்குக் கறுப்பு ஆமை என்று பெயர், முன்வெளி சிவப்புப் பறவை, இடப்பக்கம் பச்சை டிராகன், வலப்பக்கம் வெள்ளைப் புலி. மட்டக்களப்பு ஆரையம்பதியில் நின்றுகொண்டு இதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் பிரதான வீதியும் மணலும். மலை என்று சொல்ல மாவட்டத்தில் குடும்பிமலை இருக்கிறது. அது வாவிக்கு அப்பால் எங்கேயோ காட்டுக்குள். எங்கள் வளவில் உயரமாகத் தெரிவது தென்னைகளும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும்தான்.

வேலையைத் தொடக்கிவைத்தவள் மனைவியின் தங்கச்சி. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்தவள், கேற்றடியில் நின்றே வீட்டுக்கூடாகப் பார்த்துவிட்டு, "அத்தான், முன்வாசலால வாற காசு பின்வாசலால போகுது" என்றாள். காசு போவது எங்களுக்கும் தெரியும், எந்த வாசலால் என்பதுதான் தெரியாது. ஆனால் அவள் சுட்டிக்காட்டிய மற்ற விடயங்கள் யோசிக்க வைத்தன. கட்டிலில் படுத்தால் கால் கதவைப் பார்க்கிறது, நெஞ்சுக்கு நேர் மேலே தீராந்தி (உத்தரம்) ஓடுகிறது, அலுமாரிக் கண்ணாடியில் நாமே நம்மைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம். அந்த அறையில் நித்திரை சரியில்லை என்று மனைவி பல காலமாகச் சொல்லிவந்தாள்.

இது மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. மாமா உயிரோடு இருந்தபோது நிலையம் எடுத்து, மனையடி சாத்திரம் பார்த்துக் கட்டியது. மாமி அதே வளவில் பின்வீட்டில் இருக்கிறா. ஆகவே சுவர், நிலை, கதவு எதிலும் கைவைக்க முடியாது. கடையில் விற்கும் மூன்றுகால் தவளை, சிரிக்கும் புத்தர், சிவப்பு நூல் கட்டிய நாணயம் எதுவும் வாங்குவதில்லை என்று நானும் முடிவு செய்துகொண்டேன். பொருட்களை நகர்த்துவது, தேவையானால் மரவேலை செய்வது, அவ்வளவுதான்.

முதல் வேலை திசை பார்ப்பது. முறையாகச் செய்பவர்கள் லுவோபான் என்ற வட்டத் திசைகாட்டி வைத்திருப்பார்கள். அதில் வட்டம் 24 பிரிவாக, பிரிவுக்கு 15 பாகையாக இருக்கும். என்னிடம் இருந்தது போன். போன் திசைகாட்டியை நம்பலாம், ஆனால் இரும்பிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும். கேற்றடியில் ஒரு திசை காட்டியது, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வேறொன்று. கொங்கிரீட் தூணுக்குள் கம்பி இருப்பதால் விறாந்தையிலும் முள் ஆடியது. போனை எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்துவிட்டு, முற்றத்து மணலின் நடுவில் வாசலுக்கு நேராக நின்று சில தடவை பார்த்தேன். எல்லாம் வடக்கை ஒட்டியே வந்தன. பெருந்திசை ஒவ்வொன்றுக்கும் 45 பாகை இடம் இருப்பதால் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் கணக்கு மாறாது.

அப்புறம் வரைபடம். ரேப்பால் வீட்டை அளந்து, பிள்ளையின் கணக்குக் கொப்பியில் கட்டத்துக்கு ஓரடி என்று வரைந்து, நீளத்திலும் அகலத்திலும் மூன்று மூன்றாகப் பிரித்து ஒன்பது கட்டம் போட்டேன். பாகுவா என்பது இதுதான். நடுக்கட்டம் மண், சுற்றியுள்ள எட்டுக்கும் ஒவ்வொரு திசையும் ஒவ்வொரு விடயமும். இதற்குப் பின்னால் இருப்பது லோ ஷு என்ற பழைய மாயச்சதுரம், எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும். கட்டத்தை எப்படி வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய முறைக்காரர் திசைகாட்டிப்படி வைப்பார்கள். அமெரிக்காவில் லின் யுன் பரப்பிய புதிய முறையில் திசை தேவையில்லை, வாசல் இருக்கும் சுவரை அடிவரிசையாக வைத்தால் போதும். இரண்டையும் கலந்து குழம்புகிறவர்கள் நிறைய. எங்கள் வாசல் வடக்கு என்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன, அந்தச் சண்டையிலிருந்து தப்பினோம்.

படத்தை முடித்துப் பார்த்தபோது ஒரு வேடிக்கை. தென்கிழக்கில் குசினி. வாஸ்துவில் அது அக்கினி மூலை. ஃபெங்சுயியில் அது மரத்துக்குரிய இடம், செல்வ மூலை. மரம் நெருப்பை வளர்க்கும் என்பது அவர்களின் ஐம்பூதக் கணக்கு, ஆகவே அங்கே அடுப்பு இருப்பதில் பெரிய சண்டை இல்லை. தென்மேற்கில் எங்கள் படுக்கையறை. இங்கே அது கன்னிமூலை, வீட்டுத் தலைவருக்குரிய அறை. அங்கே கணவன் மனைவி உறவுக்குரிய மூலை. வடகிழக்கில் சாமி அறை. அவர்களுக்கு அது அறிவுக்குரிய இடம். மாமியிடம் காட்டினேன். கொப்பியைக் கையில் வாங்காமலே, "இதைத்தானே மனே நாங்க அப்பவே செய்த, மறுகா என்னத்துக்குச் சீனாக்காரன்?" என்றா. பதில் இல்லை.

பதில் இருந்த ஒரே இடம் வாசல்தான். மாமா முன்கதவையும் பின்கதவையும் ஒரே கோட்டில் வைத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பல அப்படித்தான், முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிய வேண்டும் என்பார்கள். ஃபெங்சுயியில் இது பெரிய குறை. முன்னால் நுழையும் உயிர்ச்சக்தி, அவர்கள் சொல்லும் 'சி', வீட்டில் தங்காமல் நேரே பாய்ந்து போய்விடும் என்பார்கள்.

யார் சொல்வது சரி என்று தீர்க்கும் முன், இந்த விதி எந்த ஊர்க் காற்றுக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். சீன அறிஞர் குவோ பு (276–324) பெயரில் வழங்கும் பழைய ஃபெங்சுயி நூல் அடக்கக்குழிக்கு இடம் பார்ப்பதைப் பற்றியது. காற்று சக்தியைக் கலைக்கும், தண்ணீர் அதைத் தடுத்து நிறுத்தும் என்பது அதன் அடிப்படை. வட சீனாவில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வந்து எலும்பைக் குத்தும். அதனால் வடக்கே மலையோ தடித்த சுவரோ வேண்டும், வாசல் தெற்கே வெயிலைப் பார்க்க வேண்டும். அங்கே காற்றைத் தடுத்தால்தான் வாழலாம். நாங்கள் இருப்பது 8 பாகை வட அகலக்கோட்டுக்கும் சற்றுத் தெற்கே. சூரியன் ஏப்ரல் முற்பகுதியில் உச்சிக்கு வந்து, வடக்குப் பக்கமாகப் போய், செப்டெம்பர் தொடக்கத்தில் திரும்பி வரும். தெற்கு வாசலுக்கு இங்கே வெயிலால் ஒரு இலாபமும் இல்லை. காற்றும் வேறு. மே தொடங்கித் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும் காற்று அது. மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை, மழையோடு. எங்கள் வீட்டில் கச்சான் பின்கதவால் வந்து முன்கதவால் போகும், வாடை முன்கதவால் வந்து பின்கதவால் போகும். இந்தக் கோட்டை அடைத்தால் ஹோலில் இருக்க முடியாது. கரண்ட் நின்ற ஒரு பின்னேரம் போதும், மாமா ஏன் அப்படி வைத்தார் என்று விளங்கிவிடும்.

அதேநேரம் தங்கச்சி சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. காற்று நடுக்கோட்டில் மட்டும் பாய்ந்தது, இரண்டு பக்கமும் கதிரைகள் போட்டிருந்த இடத்துக்கு வரவில்லை. சுவரில் தொங்கிய கலண்டர் நாள் முழுதும் படபடவென்று அடிக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு வியர்க்கும். தெருவால் போகிறவர்களுக்கு எங்கள் பின்வளவில் காயும் உடுப்பு வரை தெரியும். ஆகவே பார்வையை மறைத்து, காற்றை உடைத்துப் பரப்புகிற ஒரு தட்டி வேண்டும், நிறுத்துகிற தட்டி வேண்டாம்.

செய்யும் முன் ஒத்திகை பார்த்தோம். ஹோலின் குறுக்கே கயிறு கட்டி, பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, மாமியின் தூபக்காலில் சாம்பிராணி போட்டுப் பின்கதவடியில் வைத்தேன். புகை எங்கே போகிறது என்று பார்க்க இதைவிட மலிவான கருவி கிடையாது. முழு விரிப்போடு புகை மேலெழும்பி முகட்டில் தங்கியது, ஹோல் புழுங்கியது. கயிற்றைக் கதவுக்குக் கிட்டவும் எட்டவும் மாற்றிப் பார்த்ததில், முன்கதவிலிருந்து ஐந்தடி உள்ளே இருந்தால் ஆட்கள் வந்து திரும்பவும் இடம் இருந்தது, தெருப் பார்வையும் மறைந்தது. அதைவிடக் கிட்ட வைத்தால் செருப்புக் கழற்றுகிறவர் தட்டியில் முட்டுவார்.

மரத்துக்கு மாமியின் பழைய குசினிக் கூரையைப் பிரித்தபோது அடுக்கி வைத்திருந்த பனஞ்சலாகைகள் இருந்தன. கறையான் தொடாத வைரம் பாய்ந்த பனை. ஓடாவி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் முதலில் பிளைவூட்டில் பூ வெட்டிய பார்ட்டிஷன் போடச் சொன்னார், அது இப்போது நன்றாகப் போகிறதாம். கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட, மாரி ஈரத்தில், மலிவுப் பிளைவூட் இரண்டு வருடத்தில் அப்பளமாக உப்பிவிடும். பனைதான் என்று நின்றேன்.

வடிவம் இதுதான். நாலடி அகலம், ஆறடி உயரச் சட்டம். அதில் சலாகைகள் நிலைக்குத்தாக இரண்டு வரிசை. முன்வரிசையில் இரண்டு அங்குலச் சலாகை, ஒன்றரை அங்குல இடைவெளி. மூன்று அங்குலம் பின்னால் இரண்டாம் வரிசை, முன்வரிசை இடைவெளிக்கு நேராகச் சலாகை வருமாறு. நேரே பார்த்தால் அடைத்தது போல் இருக்கும், காற்றுக்கு வளைந்து வளைந்து போக வழி இருக்கும். ஒரே வரிசை என்றால் சலாகையைச் சரித்துப் போட வேண்டும், அதைவிட இது செய்வதற்குச் சுகம். அடியில் ஆறு அங்குலம் திறந்தபடி, விளக்குமாறு போக. நிலத்தில் ஆணி, சீமெந்து எதுவும் இல்லை, குறுக்குக் காலில் நிற்கிறது. கல்யாணம், செத்தவீடு என்றால் ஹோல் முழுதும் திறக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கினால் வெளியே போய்விட வேண்டும். மாமி சம்மதித்ததே அதைச் சொன்ன பிறகுதான்.

பனையில் வேலை செய்யாதவர்களுக்கு இரண்டு விடயம். நேரே ஆணி அடித்தால் நாரோடு பிளக்கும், முதலில் துளையிட்டு அப்புறம்தான் திருகாணி. துளையிடும் அலகும் வாளும் சீக்கிரம் மழுங்கும். வெட்டிய விளிம்பில் கறுப்புச் சிராம்பு ஊசி மாதிரி நிற்கும், பிள்ளைகள் கைவைக்கும் உயரத்துக்காவது அரத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி உப்புக் காற்றில் துருவழிந்து மரத்தில் கோடு போடும், அதனால் காத்தான்குடியில் ஹார்ட்வெயாரில் துருப்பிடிக்காத திருகாணியாகத் தேடி வாங்கினேன். விலை கூடத்தான். மேலே எண்ணெய் மட்டும் பூசினோம், வார்னிஷ் இல்லை.

வைத்ததும் மறுபடி சாம்பிராணி. கச்சான் நல்ல வீச்சில் இருந்த நேரம். புகை பின்கதவால் வந்து தட்டியில் பட்டு இரண்டு பக்கமும் விரிந்து, கொஞ்சம் ஊடாகவும் போய், கதிரைகள் இருக்கும் பக்கத்தைத் தொட்டுவிட்டு வாசலால் வெளியேறியது. கலண்டர் அடங்கியது. ஒரு நட்டமும் உண்டு: தட்டிக்கு அந்தப் பக்கம், வாசலுக்கும் அதற்கும் இடையில், காற்றில்லாத ஒரு மூலை உருவாகிவிட்டது. பொழுதுபட்டால் நுளம்பு அங்கேதான் கூடுகிறது. செருப்புத் தட்டை அங்கே வைத்தாயிற்று, உட்காருவதற்கு எதுவும் போடவில்லை.

படுக்கையறை மரவேலை இல்லாத வேலை, ஆனால் பேச்சுவார்த்தை அதிகம். ஃபெங்சுயியில் கட்டிலுக்கு ஒரு கட்டளை இடம் உண்டு. படுத்தபடி கதவு தெரிய வேண்டும், ஆனால் கதவுக்கு நேரே இருக்கக்கூடாது, தலைக்குப் பின்னால் யன்னல் இல்லாத உறுதியான சுவர் வேண்டும், மேலே உத்தரம் கூடாது. எந்தச் சாத்திரமும் இல்லாமலே யோசித்தால் விளங்கக்கூடியது. யார் வருகிறார் என்று தெரியாத இடத்தில் உடம்பு தளராது.

திசைதான் சிக்கல். பிறந்த வருடத்தை வைத்துக் குவா எண் பார்ப்பார்கள். கடைசி இரண்டு இலக்கங்களைத் தனி இலக்கம் வரும்வரை கூட்டி, 2000க்கு முன் பிறந்த ஆண் என்றால் 10இலிருந்து கழிக்க வேண்டும், பெண் என்றால் 5 கூட்ட வேண்டும். வருடம் பெப்ரவரி 4 அளவில்தான் தொடங்கும், தை மாதத்துப் பிள்ளைகளுக்கு முந்திய வருடக் கணக்கு. நான் சூறாவளி அடித்த 1978. ஏழும் எட்டும் பதினைந்து, அது ஆறு, பத்தில் கழித்தால் நான்கு. கிழக்குக் குழு: வடக்கு, தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு நல்லது. மனைவி 1983. எட்டும் மூன்றும் பதினொன்று, அது இரண்டு, ஐந்து கூட்ட ஏழு. மேற்குக் குழு: வடமேற்கு, தென்மேற்கு, வடகிழக்கு, மேற்கு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு திசைகூட இல்லை. இரண்டு குழுவும் எட்டுத் திசையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வதால் எதிர்க்குழுவில் கல்யாணம் கட்டிய எல்லாருக்கும் இதே கதைதான். என் பட்டியலில் முதல் நல்ல திசை வடக்கு. அதை மாமியிடம் சொல்லத் துணிவில்லை, வடக்கே தலைவைத்துப் படுப்பதை இந்த ஊரில் யார் விடுவார்கள்?

எண்ணை ஓரமாக வைத்துவிட்டு அறையைப் பார்த்தோம். கதவு கிழக்குச் சுவரில், வடக்கு ஓரத்தில். தீராந்தி அறையின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது. கட்டில் மேற்கே தலைவைத்துக் கிடந்ததால்தான் அது நெஞ்சுக்குக் குறுக்கே வந்தது. தலையைத் தெற்குச் சுவருக்குத் திருப்பினால் கட்டிலும் தீராந்தியும் ஒரே திசையில் போகும், கட்டிலை மேற்குப் பாதிக்குள் அடக்கிவிடலாம், கதவும் எதிர் மூலையில் தெரியும். "அப்ப என்ட எண்ணுக்கு மேற்குதானே நல்லம், இவ்வளவு நாளும் அங்கதானே படுத்த?" என்று மனைவி கேட்டாள். நித்திரை வந்ததா என்று திருப்பிக் கேட்டேன். கட்டில் நகர்ந்தது. தீராந்தியில் மூங்கில் புல்லாங்குழல் இரண்டைச் சரிவாகக் கட்டித் தொங்கவிடுவது இதற்கு அவர்கள் சொல்லும் பரிகாரம். கட்டிலை நகர்த்துவதற்குச் செலவில்லை.

மேற்குச் சுவர் பின்னேர வெயிலில் சுடும். கட்டிலுக்கும் சுவருக்கும் ஓரடி விட்டோம். வெளியே அந்தச் சுவரோரம் பந்தல் போட்டுப் பாகலும் பயற்றங்காயும் ஏற்றியிருக்கிறோம். அலுமாரியைத் தூக்க முடியாததால் கண்ணாடிக்கு மருதமுனைக் கைத்தறித் துணியில் ஒரு திரை தைத்து மாட்டினாள். இரவில் இழுத்துவிட்டால் போதும். அவளுக்கு நித்திரை வருகிறது. கண்ணாடியா, தீராந்தியா, புதிய இடமா எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியாயிற்று.

குசினியில் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஒட்டி இருந்தன. நெருப்பும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கக்கூடாதாம். காஸ் அடுப்பை நகர்த்த இடம் இல்லை. இடையில் ஒரு பலகை மேசையைச் செருகினோம், மரம் இரண்டுக்கும் நடுவே சமரசம் என்பது அவர்கள் கணக்கு. காய் வெட்ட இடம் கிடைத்தது என்பது எங்கள் கணக்கு. கிழக்கே பார்த்துச் சமைப்பதால் கதவு முதுகுப் பக்கம் வரும். அடுப்புக்குப் பின் சுவரில் எண்ணெய் தெறிக்காமல் இருக்க மினுக்கிய எவர்சில்வர் தகடு அடித்தேன், அதிலே பின்னால் வருகிறவர் தெரிகிறார். கண்ணாடி வைக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

குளியலறைக் கதவு சாப்பாட்டு மேசையைப் பார்க்கிறது. தானாக மூடும் ஸ்பிரிங் ஒன்று போட்டேன், விடயம் முடிந்தது. மலசலகூட மூடியை எப்போதும் மூடி வையுங்கள் என்பார்கள், எங்களுடையது குந்தும் வகை, மூட எதுவும் இல்லை.

முற்றத்தில் செய்தது வெறும் துப்புரவு. வாசலுக்கு முன் திறந்த வெளி வேண்டும் என்பது நான் முழு மனதோடு ஏற்கும் விதி. உடைந்த புலோக் கற்கள், பழைய சைக்கிள், என்றோ மிஞ்சிய மணல் எல்லாம் போனது. கேற்றுக்கு நேரே கரண்ட் கம்பம் நிற்கிறது. அதற்கு எட்டுமூலைக் கண்ணாடி மாட்டச் சொல்கிறார்கள். அந்தக் கண்ணாடி எதிர்வீட்டு வாசலைப் பார்க்கும், அப்புறம் அவர்கள் எங்களுக்கு எதிராக என்ன மாட்டுவார்களோ! இரண்டு செவ்வரத்தை நட்டேன். வடக்கே தண்ணீர்த் தொட்டி வைக்கும் யோசனையைக் கைவிட்டேன். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருக ஒரு கிழமை, பத்து நாள் போதும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நின்றால் ஃபெங்சுயி என்று விளக்கம் சொல்ல முடியாது. தங்கச்சி தந்த காற்றுமணி கச்சானில் ஓர் இரவு முழுக்க அடித்தது, காலையில் பிள்ளைகளே கழற்றிவிட்டார்கள். அவள் வாங்கித் தந்த 'அதிர்ஷ்ட மூங்கில்' மட்டும் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அது மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா இனம். தண்ணீரைக் கிழமைக்கு ஒருதரம் மாற்றுகிறோம்.

வாடை தொடங்கிய பிறகு தட்டியின் முன்வரிசையில் சாரல் பட்டது. சலாகைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குறுக்குக் கால் ஈர நிலத்தில் நின்று அடியில் கறுத்தது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கால்களுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் எண்ணெய் இன்னொரு பூச்சு வேண்டும், மழை விட்டதும் அதுதான் வேலை.